மலைச் சாமைக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்?

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அவர் எழுதியதன் சுருக்கம்:

"எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள குக்கிராமங்களிலும் சேர்த்து 120 குடும்பங்கள் சாமை விதைக்கிறோம். ஆளுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 40 டன் வரும். விதைக்கும் வீட்டுக்குமாக 10 டன்னை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் களத்திலேயே வியாபாரிக்குக் கிலோ 35 ரூபாய்க்குப் போடுகிறோம். போன மாதம் வேலூரில் ஒரு கடையில் சாமை அரிசி கிலோ 110 ரூபாய் என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. எங்கள் மகளிர் குழு சார்பாக அரவை போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மணிக்கு 500 கிலோ அரைக்கும் இயந்திரத் தொகுப்புக்கு 12 லட்சம் என்று ஒரு கம்பெனி விலை கொடுத்திருக்கிறது. 35 சதவீதம் மானியம், மிச்சத்துக்கு வங்கிக் கடன் என்கிறார்கள். அடுத்த வாரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பிறகு சாமை பிஸ்கட், முறுக்கு, சத்துமாவு என்று விரிவாக்கலாம் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?"

அன்புள்ள சகோதரிக்கு,

அரவை போடுங்கள். ஆனால் அந்த 12 லட்ச ரூபாய் இயந்திரத்தை வாங்காதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள். காரணங்களை விரிவாக எழுதுகிறேன், குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் விற்கிற சாமை 30 டன். மணிக்கு 500 கிலோ அரைக்கிற இயந்திரம் இதை 60 மணி நேரத்தில் அரைத்து முடித்துவிடும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் பத்தே நாள். வீட்டுக்கு வைக்கிறதையும் சேர்த்தால் இன்னும் மூன்று நாலு நாள். வருஷத்தில் மிச்ச நாள் முழுக்க அது சும்மா நிற்கும். வட்டி சும்மா நிற்காது. இதே 40 டன்னை மணிக்கு 100 கிலோ அரைக்கிற சின்ன இயந்திரத்தில் போட்டால் 400 மணி நேரம், அதாவது 67 நாள் வேலை. இரண்டு பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் கூலி. உங்கள் மலைக்கு இந்த அளவுதான் பொருந்தும்.

உணவு பதப்படுத்தும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். நான் பார்த்த மூடிய ஆலைகளில் பாதிக்கு மேல் பொருள் கெட்டதாலோ ஆள் சரியில்லாததாலோ மூடியவை இல்லை. ஊர் விளைச்சலுக்குப் பொருந்தாத பெரிய இயந்திரத்தை வாங்கியதால் மூடியவை. ஒரு மலைக் கிராமத்தில் உங்களைப் போன்ற ஒரு குழுவுக்கு அரவை இயந்திரம் வந்து இறங்கியது. இறங்கிய பிறகுதான் அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது என்று தெரிந்தது. ஊரில் இருந்தது ஒருமுனை இணைப்பு. கம்பம் நட்டு லைன் இழுக்க அலைந்து அலைந்து இரண்டு பருவம் போய்விட்டது. நான் போனபோது தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் தானியம் கொட்டுகிற வாயில் எலி கூடு கட்டியிருந்தது. அந்தக் குழுத் தலைவி அழுதார். கடன் அவர்கள் பேரில் இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, 35 ரூபாய்க்குப் போன சாமை 110 ரூபாய்க்கு வருகிறதே, நடுவில் 75 ரூபாய் யார் சாப்பிடுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. அந்த 75 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம்.

களத்துச் சாமையில் மண், கல், பதர் எல்லாம் இருக்கும். அதை நீக்கி, உமியை நீக்கி, நொய்யையும் பிரித்தால் 100 கிலோவில் முழு அரிசியாகக் கையில் நிற்பது 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தானியமும் பழகின கையும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் முதல் வருஷம் 60க்கு மேல் எழுதாதீர்கள். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்குள்ளே 58 ரூபாய்க்குச் சாமை இருக்கிறது. 35 ரூபாய் இல்லை. வியாபாரம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். அப்புறம், 110 என்பது கடைக்காரர் விற்கிற விலை. அவருக்கு 25 ரூபாய் போனால் உங்களுக்கு வருவது 85. அதில் 58 போக 27. மின்சாரம், கூலி, இயந்திரத் தேய்மானம், கையால் பொறுக்குவது எல்லாம் சேர்த்து 8. பையும் லேபிளும் 4. மலையிலிருந்து இறக்கிக் கடை வரை கொண்டு சேர்க்க 4. திரும்பி வருவது, கிழிவது, மாதிரி கொடுப்பது என்று ஒரு 3. மிச்சம் 8 ரூபாய்.

இந்த எண்களை நான் தோராயமாகத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் ஊருக்கு ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆனால் 75 எட்டாகச் சுருங்குகிற விதம் மாறாது. 30 டன்னிலிருந்து வருகிற 18,000 கிலோ அரிசிக்கு, கிலோ 8 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 1,44,000 ரூபாய். இப்போது 12 லட்சத்தை எடுங்கள். மானியம் 4.2 லட்சம், உங்கள் பங்கு 1.2 லட்சம் போக 6.6 லட்சம் கடன். ஐந்து வருஷத்தில் அடைப்பதென்றால் அசல் மட்டும் வருஷத்துக்கு 1,32,000. வட்டி 11 சதவீதம் என்றால் முதல் வருஷம் இன்னும் 72,000க்கு மேல். மொத்தம் இரண்டு லட்சம் கட்ட வேண்டும், வருவது 1,44,000. அதுவும் அரைத்த மொத்தத்தையும் முதல் வருஷமே விற்றுவிட்டால். புதிதாக வருகிறவர்களுக்கு அது நடக்காது.

வியாபாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, அது வரிக்கு வரி தெரிகிறது. விலையில் உங்களை ஏமாற்றுகிறவராகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்கிற வேலைகளை எண்ணிப் பாருங்கள். களத்திலேயே ரொக்கம் கொடுக்கிறார். வண்டி வைத்து இறக்குகிறார். மூட்டையை மாதக்கணக்கில் வைத்திருக்கிறார். விலை இறங்கினால் நஷ்டத்தைத் தாங்குகிறார். ஆடியில் விதைப்புச் செலவுக்கு முன்பணம் கொடுப்பவரும் பல ஊர்களில் அவர்தான். அவரை விலக்க வேண்டுமென்றால் இத்தனையையும் குழு செய்ய வேண்டும். அதில் கடினமானது ரொக்கம். 30 டன்னை 35 ரூபாய்க்கு வாங்க 10.5 லட்சம் வேண்டும், ஒரு மாதத்துக்குள். கம்பெனி கொடுத்த திட்ட அறிக்கையின் நகலை அனுப்பியிருந்தீர்கள், அதில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. இயந்திரத்துக்குக் கடன் வாங்கிவிட்டு, அரைக்கச் சாமை வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஊர்ச் சாமை அந்த வருஷமும் அதே வியாபாரியின் லாரியில்தான் போனது.

கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சாமைக்கு ஆதரவு விலை கிடையாது. அதனால் களத்து விலை உங்களுக்கும் வியாபாரிக்கும் நடுவில் மட்டும் முடிவாகிறது. கையில் காசில்லாதவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இது அநியாயம்தான். இதை உடைக்க உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, அதை நீங்கள் பலமாக நினைக்கவில்லை. அது உமி.

உமியோடு இருக்கிற சாமை, நன்றாகக் காய்ந்திருந்தால், வருஷக்கணக்கில் கெடாது. உங்கள் பாட்டி காலத்துக் குதிர்களில் பஞ்சத்துக்கென்று வைத்தது இதைத்தான். உமியை நீக்கியதும் நிலைமை மாறிவிடும். தவிட்டில் இருக்கிற எண்ணெய்ச் சத்து காற்றுப் பட்டுச் சிக்கு நாற்றம் எடுக்கும், வண்டு விழும். இரண்டு மூன்று மாதத்துக்குமேல் நம்ப முடியாது. எனக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஆலோசனை சொன்ன ஒரு குழு, மார்கழியில் இருந்த சாமை முழுவதையும் ஒரே மூச்சில் அரைத்து வைத்தது. அரைக்கச் சொன்னது நான். பங்குனியில் அனுப்பிய மூட்டைகள் திரும்பி வந்தன. பிரித்து மோந்தபோது பழைய கடலை எண்ணெய் வாடை. அவ்வளவையும் மாட்டுத் தீவனமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று வரை அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதனால் சாமையைச் சாமையாகவே வையுங்கள். ஆர்டர் வந்த பிறகு, அந்த வாரத்துக்கு வேண்டியதை அரையுங்கள். இதற்குச் சின்ன இயந்திரம்தான் தோது. பெரிய இயந்திரக்காரர் இப்படிச் செய்ய முடியாது, அவருக்கு மூட்டை மூட்டையாகப் போட்டால்தான் கட்டும். 'அரைத்துப் பத்து நாள் ஆன அரிசி' என்று நீங்கள் பையில் எழுதலாம். நகரத்தில் சாமை வாங்கிக் கசந்துபோய்க் கைவிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிறுதானியம் பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பழைய அரிசியின் சுவையை.

இயந்திரம் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். முறத்தில் நீங்கள் மூன்று விதமாகக் கை அசைக்கிறீர்கள் இல்லையா? புடைத்தால் உமியும் தூசியும் பறக்கும். கொழித்தால் கல் பிரியும். தெள்ளினால் நொய் ஒதுங்கும். கல் நீக்கும் இயந்திரம் கொழிக்கிறது, காற்று ஊதும் பெட்டி புடைக்கிறது, சல்லடை தெள்ளுகிறது. உரலுக்குப் பதிலாக உமி நீக்கும் இயந்திரம். நெல்லுக்குப் போடுகிற ரப்பர் உருளை சாமைக்குச் சரிப்படாது, மணி அவ்வளவு சின்னது. சாமைக்கு வருவது, வேகமாகச் சுழல்கிற தட்டு தானியத்தைச் சுற்றுச்சுவரில் வீசியடித்து உமியை உடைக்கிற வகை. வேகம் கூடினால் நொய், குறைந்தால் உமியோடு வெளியே வரும். ஈரம் கூடினாலும் உமி உடையாது, எலும்பாய்க் காய்ந்தால் மணி நொறுங்கும். 10 முதல் 12 சதவீத ஈரம் சரியாக இருக்கும். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது.

விற்பனையாளர் செய்து காட்டும்போது அவர் கொண்டுவந்த தானியத்தைப் போட விடாதீர்கள். உங்கள் மலைச் சாமையில் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போங்கள். அரைத்து வந்ததில் ஒரு கைப்பிடியை எவர்சில்வர் தட்டில் போடாமல் கறுப்புத் துணியில் பரப்புங்கள். சாமை அரிசி வெளுப்பாகத் தெரியும், உமி நீங்காத மணி பழுப்பாகப் பளபளக்கும். அதை எண்ணுங்கள். முதல் ஓட்டத்தில் நிறைய இருக்கும், இரண்டாவது ஓட்டத்தில் எத்தனை மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. கல் இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். பிறகு அதே அரிசியை வீட்டில் சோறாக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாய்க்கு ஒரு கல் அகப்பட்டாலும் அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். விற்பனையாளரிடம் இன்னும் இரண்டு கேள்வி: ஒருமுனை மின்சாரத்தில் ஓடுமா, தேய்கிற பாகம் கெட்டால் திருவண்ணாமலையிலோ வேலூரிலோ கிடைக்குமா. இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கல்லைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மலிவான மருந்து களத்தில் இருக்கிறது. மண் தரையிலும் தார் ரோட்டிலும் போட்டு அடிக்கிற வரை, எவ்வளவு நல்ல இயந்திரமும் திணறும். சாமை மணி அளவுக்கே இருக்கிற மணல் துகளைப் பிரிப்பது எந்த இயந்திரத்துக்கும் கடினம். 120 வீட்டுக்கும் தார்ப்பாய் கிடைக்க வழி செய்யுங்கள். தார்ப்பாயில் அடித்த சாமைக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கூடக் கொடுப்போம் என்று அறிவியுங்கள். அந்த 2 ரூபாய் பொறுக்குகிற கூலியில் திரும்பக் கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்தவரை குழுவுக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தருகிற முதலீடு வேறில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: 'வீட்டுக்கு வைக்கிற சாமையைக் குத்த யாருக்கும் இப்போது தெம்பில்லை, பாதி கோழிக்குப் போகிறது, ரேஷன் அரிசிதான் பொங்குகிறோம்.' எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். மலையில் சாமை குறைந்துகொண்டே வருவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. உரலில் குத்தி அரிசியாக்குவது முதுகை முறிக்கிற வேலை. அதைச் செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். ரேஷனில் தீட்டின அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்கிற வேலையில் இறங்கியபோதும் இதே சிக்கலைச் சந்தித்து, ஊருக்குள்ளேயே சின்ன அரவை இயந்திரங்களை அமைத்தது. ஆக உங்கள் முதல் வாடிக்கையாளர் வேலூர்க் கடையில் இல்லை, உங்கள் தெருவில் இருக்கிறார். கூலி அரவையாகத் தொடங்குங்கள். அவரவர் சாமையைக் கொண்டுவரட்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி அரைத்துக் கொடுங்கள். கொள்முதல் பணம் வேண்டாம், பை வேண்டாம், லாரி வேண்டாம். பக்கத்து ஊர்க்காரர்களும் தேடி வருவார்கள். ஒரு மாவு இயந்திரத்தையும் அருகில் வைத்தால் கேழ்வரகு வருஷம் முழுக்க வரும். கைப்பழக்கமும் இந்தக் கூலி அரவையிலேயே வந்துவிடும். தப்பாக அரைத்தால் கேட்பவர் எதிர்வீட்டு அக்காதான், ஊர் பேர் தெரியாத வாடிக்கையாளர் இல்லை.

தொழில் எப்படி வளர்கிறது என்பதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரின்போது மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இந்தத் தொழிலைப் பார்த்துவந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து 1943இல் செய்யத் தொடங்கினார். ஜனங்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பொருள், கடையில் மட்டும் இல்லை. அதனால் பிடித்துக்கொண்டது. ஆலைகள் பெருகின. அப்புறம் என்ன ஆனது என்றால், ஆலை வைத்திருந்தவர்களே இடைத்தரகர்களிடம் மாட்டிக்கொண்டார்கள். சரக்கை வைக்க இடமில்லை, கையில் காசில்லை, வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. இயந்திரம் இருந்தும் உங்கள் களத்து நிலைமைதான். அதற்குத் தீர்வாக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சரக்கைக் கிடங்கில் வை, அதன் பேரில் முன்பணம் வாங்கிக்கொள், டெண்டரில் விலை படிந்ததும் விற்றுக்கொள் என்று ஏற்பாடு. சேலத்துக் கதையில் கிடங்கையும் முன்பணத்தையும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, இயந்திரத்தைத்தான் போடுகிறார்கள்.

மறுபக்கம் மாம்பழக் கூழ். கிருஷ்ணகிரியிலும் பக்கத்துச் சித்தூரிலும் ஆலைகள் நிறைய. கூழுக்குப் போகிற பெங்களூரா மாம்பழத்துக்கு ஆலையை விட்டால் பெரிய சந்தை இல்லை, பழமும் காத்திருக்காது. 2025இல் சித்தூர்ப் பக்கம் விலை விழுந்தபோது ஆந்திர அரசு தலையிட்டு, கிலோவுக்கு ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டி வந்தது. ஆலை பக்கத்தில் இருந்தாலே விவசாயிக்கு நல்ல விலை வந்துவிடும் என்பதில்லை. உங்கள் சாமை காத்திருக்கக் கூடியது. மாம்பழ விவசாயிக்குக் கிடைக்காத வரம் அது.

அதனால் முதல் வருஷம் பணத்தைக் கிடங்குக்குச் செலவழியுங்கள். பெரிய கட்டடம் வேண்டாம். தரை ஓதம் ஏறாத, எலி நுழையாத ஓர் அறை, மரச்சட்டம் போட்டு அதன் மேல் மூட்டை, ஒரு தராசு, ஈரம் பார்க்கிற கருவி ஒன்று. வெறும் 3 டன் வாங்குங்கள். 1,05,000 ரூபாய் போதும், குழுவின் உள்கடனிலேயே திரட்டலாம். களத்தில் முழுப்பணமும் கேட்பவர்களை வற்புறுத்தாதீர்கள். பாதி இப்போது, பாதி விற்ற பிறகு என்று ஒப்புக்கொள்கிற இருபது குடும்பங்கள் இருந்தால் போதும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் தானியத்தை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்குகிற வசதி இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

பிஸ்கட், முறுக்கு, சத்துமாவு இப்போதைக்கு வேண்டாம். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஆனதிலிருந்து சாமை முறுக்கு போடாத குழு இல்லை. சாமை பிஸ்கட் பெரும்பாலானவற்றில் மைதாவும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கின்றன. உங்கள் ஊர்ச் சாமைக்கு அதில் வேலை குறைவு, விலையும் ஏறாது. நல்ல சாமை அரிசியைக் கல்லில்லாமல் புதிதாகக் கொடுப்பவர்கள் குறைவு. அந்த இடம் காலியாக இருக்கிறது. வெள்ளையாகத் தீட்டிக் கொடுங்கள் என்று சில கடைக்காரர்கள் கேட்பார்கள். தீட்டத் தீட்டத் தவிடும் நாரும் போய்விடும், எடையும் குறையும். சம்மதிக்காதீர்கள்.

மானியத்தைப் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் சொல்வது 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டம். 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், உங்கள் கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம். பலருக்குத் தெரியாத ஒன்று: மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும், மூன்று வருஷம் தொழில் ஓடி, கடனும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் ஆலை நின்றால் அந்த 4.2 லட்சமும் உங்கள் தலையில் விழும். சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்குத் தலைக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் அந்தத் திட்டத்தில் வைத்திருந்தார்கள். உங்களுக்குப் பொருத்தமானது அதுதான். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று திருவண்ணாமலையில் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பை போட்டு விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், சின்ன அளவுக்கு அது எளிது. சிறுதானியங்களுக்கென்று தனித் தர விதிகள் வந்திருக்கின்றன, ஈரம், அந்நியப் பொருள், வண்டு தின்றதைக் காட்டிக்கொடுக்கிற யூரிக் அமிலம் எல்லாம் பார்ப்பார்கள். நான் மேலே சொன்ன களத்துச் சுத்தமும் கிடங்கும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. அத்தியந்தல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். தஞ்சாவூரில் இருக்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிப்டெம்மில் இயந்திரங்களை ஓட்டிப் பார்த்துப் பயிற்சி எடுக்கலாம். எந்த விலைப்பட்டியலிலும் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு இடத்துக்கும் போய் வாருங்கள். குழுவிலிருந்து மூன்று பேர் போங்கள், தலைவி மட்டும் போகாதீர்கள். இயந்திரத்தைக் கையால் ஓட்டப் போகிறவர் கட்டாயம் வரட்டும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. இந்த ஐப்பசி, கார்த்திகை அறுவடையில் ஐந்து மூட்டைச் சாமையைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு மூட்டை தார்ப்பாயில் அடித்தது, மூன்று வழக்கம்போலத் தரையில் அடித்தது. கீழே ஏதாவது ஓர் அரவை நிலையத்தில் கூலி கொடுத்துத் தனித்தனியாக அரைத்து வாருங்கள். மூட்டைக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ நொய், எவ்வளவு கல் என்று எடை போட்டு எழுதுங்கள். அந்த அரிசியை உங்கள் ஊரில் பத்து வீட்டுக்கும், கீழே போளூரிலோ வேலூரிலோ தெரிந்தவர்கள் பத்து வீட்டுக்கும் காசுக்கு விற்றுப் பாருங்கள், இலவசமாகக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் மறுபடியும் கேட்டார்கள் என்று பாருங்கள். அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள். எந்த அளவு இயந்திரம், எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு கடன் என்று அதை வைத்து உட்கார்ந்து பேசலாம். விலைப்பட்டியல் கொடுத்த கம்பெனிக்கு, அறுவடை முடிந்து சொல்கிறோம் என்று மட்டும் இன்றைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.